பின்பக்கக் கோடுகள்

செப்டம்பர் 3, செவ்வாய்

ட்ரோல்ஸ் வந்து ஐந்து வாரம் ஆகிறது. இன்றைக்கும் காபி குடித்த கோப்பையை என் மேஜை ஓரத்தில் வைத்துவிட்டுப் போனான். கழுவித் தருவேன் என்று நினைக்கிறானா? சாயங்காலம் அதை எடுத்துப்போய் அவன் கீபோர்டு மேலேயே வைத்துவிட்டு வந்தேன்.

பதினேழு வருஷம் இந்த ஸ்டுடியோவில் அனிமேஷன் செய்கிறேன். ஆறே பேர் வேலை செய்யும் இடம். மூத்தவர் ஓய்வு பெற்றதும் தலைமை இடம் எனக்கு என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். முதலாளி போடில்கூட அப்படித்தான் தலையாட்டினாள். ஜூலை விடுமுறை முடிந்து வந்தால் கோபன்ஹேகனிலிருந்து இந்தக் குச்சி மனிதன் தலைமை வடிவமைப்பாளராக வந்து என் ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருக்கிறான். ஆர்க்கிடெக்டுக்குப் படித்தவனாம். வீடு ஒன்றும் கட்டினதில்லை.

செப்டம்பர் 6, வெள்ளி

வெள்ளிக்கிழமை காலை ஆளுக்கொரு வாரமாக எல்லோருக்கும் ரொட்டி வாங்கிவருவோம். இன்று ட்ரோல்ஸ் முறை. மறந்துவிட்டான். ஒன்பது மணிக்கு நினைவு வந்து, ஓடிப்போய் பெட்ரோல் பங்கிலிருந்து பிளாஸ்டிக் பையில் அடைத்த ரொட்டியை வாங்கிவந்தான். ஆறு பேரும் வாயைத் திறக்காமல் மென்றோம். பிரசவத்துக்கு முந்தின நாள்கூட பேக்கரி வரிசையில் நின்று வாங்கிவந்த பெண் இங்கே இருக்கிறாள்.

"அடுத்த தடவை ரெண்டு மடங்கா வாங்கிட்டு வரேன்" என்றான். ரெண்டு மடங்கு பெட்ரோல் பங்க் ரொட்டி. நல்லது.

செப்டம்பர் 10, செவ்வாய்

ஒரு பெரிய வேலை வந்திருக்கிறது. ஜூன் மாதம் துறைமுகத்தில் கிரேன் சங்கிலி அறுந்து விகோ என்ற கூலியாளுக்கு முழங்காலுக்குக் கீழே கால் போனதே, அந்த விபத்து. விசாரணைக் குழுவுக்கு நாற்பது விநாடிப் படம் செய்து தர வேண்டும்.

விஷயம் இவ்வளவுதான். கிரேன் இடப்பக்கக் குவியலிலிருந்து காற்றாலைத் துண்டைத் தூக்கி, அரை வட்டம் திரும்பி, வலப்பக்கம் கொண்டுபோனது. இறக்கும் இடத்துக்கு மேலே வந்து நின்றதும் சங்கிலி அறுந்தது. அரை வட்டத்தைக் கடல் மேலாகவும் போகலாம், கரை மேலாகவும் போகலாம். விதிப்படி கடல் மேலாகத்தான் போக வேண்டும். கரை வழியில் ஒரு விளக்குக் கம்பம் இருக்கிறது, அதில் ஒரு உராய்வும் இருக்கிறது, எப்போது வந்ததென்று ஒருவருக்கும் தெரியாது. கரை மேலாகத் திருப்பியிருந்தால் சங்கிலி கம்பத்தில் உரசியிருக்கும், குற்றம் ஓட்டுநருடையது. கடல் மேலாகப் போயிருந்தால் வழியில் உரச எதுவுமில்லை, சங்கிலியைச் சோதிக்காத கம்பெனிதான் பதில் சொல்ல வேண்டும்.

ஓட்டுநர் பெயர் ப்ரேபன். கடல் மேலாகத்தான் திருப்பினேன் என்கிறான். விகோ எதையும் பார்க்கவில்லை, முதுகைக் காட்டி நின்றிருக்கிறான். ஆனால் கிரேனுக்குள் ஒரு பதிவுக் கருவி இருக்கிறது. விநாடிக்கு விநாடி கோணம், தொண்ணூறு பக்கம் வெறும் எண்கள். எந்தப் பக்கம் கூட்டல், எந்தப் பக்கம் கழித்தல் என்பது எங்கேயோ ஒரு அடிக்குறிப்பில். அதை யார் படிப்பார்கள்? அதனால்தான் படம்.

நான் படித்தேன். ப்ரேபன் சொல்வதைத்தான் எண்களும் சொல்கின்றன.

செப்டம்பர் 12, வியாழன்

நாள் முழுக்க கிரேனோடு. ஓட்டுநர், கொக்கி, சங்கிலி, பாரம் நான்கும் எல்லா விநாடியும் கண்ணில் பட வேண்டும், எதுவும் எதையும் மறைக்கக் கூடாது என்று குழு கேட்டிருக்கிறது. அப்படியென்றால் வயர்ஃபிரேம்தான். உடம்பின் தோலை எல்லாம் உரித்துவிட்டு விளிம்புக் கோடுகளை மட்டும் வைத்துக்கொள்ளும் கம்பிக்கூடு.

தோலை உரிப்பது மென்பொருளில் ஒரு சொடுக்கு. பிறகுதான் வேலையே. தோல் போனதும் பின்பக்கத்துக் கோடுகள் எல்லாம் முன்பக்கத்தில் வந்து கலந்துவிடும். எது முன்னே, எது பின்னே என்று கண்ணுக்கு எதுவும் சொல்லாது. அதனால் நான் எப்போதும் செய்கிற மாதிரி இரண்டு லேயர் ஆக்கினேன். முன்கோடுகள் தடிமனாக, பின்கோடுகள் மெல்லிசாக, மங்கலாக முப்பது சதவீத அடர்த்தியில். கேமராவும் கிட்டத்தில் இருப்பது பெரிதாக, தூரத்தில் இருப்பது சின்னதாகத் தெரிகிற மாதிரி. கரையில் நின்று கடலைப் பார்க்கிற பார்வை. கிரேனின் கை பின்னால் போகும்போது சிறுத்து, மங்கி, வலப்பக்கம் வந்து மறுபடி தடிக்கிறது. கடல் மேலாகத்தான் போகிறது என்பது குழந்தைக்கும் புரியும்.

நன்றாக வந்திருக்கிறது. என் வேலையைப் பார்த்து நானே சிரித்து எவ்வளவு நாள் ஆயிற்று.

செப்டம்பர் 13, வெள்ளி

கோபத்தை எழுதித் தீர்க்கிறேன்.

காலையில் படத்தைப் போட்டுக் காட்டினேன். ரொட்டியை மென்றுகொண்டே ட்ரோல்ஸ் கேட்டான்: "பின்பக்கக் கோட்டை எதுக்கு மங்கலாக்கின?"

"பின்னாடி இருக்குன்னு தெரியறதுக்கு."

"அது உன் அபிப்பிராயம். இது சாட்சியம். ஒரு கோட்டுக்கு அழுத்தம், இன்னொண்ணுக்கு மங்கல்னா நாம பக்கம் சாயறோம்னு வக்கீல் பிடிச்சுக்குவான். எல்லாக் கோடும் ஒரே தடிமன். கேமராவும் தட்டையா இருக்கட்டும். என்ஜினியர் வரைபடம் அப்படித்தானே இருக்கும்?"

"வரைபடம் அசையாது, ட்ரோல்ஸ். இது அசையுது."

அவன் மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தான். "இது விசாரணை, யுட்டே. பிஸ்கட் விளம்பரம் இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். பிஸ்கட் விளம்பரம் நான் செய்ததுதான், பதினொரு வருஷத்துக்கு முன்னால். இந்த ஸ்டுடியோவை அப்போது தூக்கி நிறுத்தியதும் அதுதான். போடிலுக்குத் தெரியும். போடில் என்ன சொன்னாள்? "ட்ரோல்ஸ் சொல்ற மாதிரியே செஞ்சிடு. எழுத்துல அனுப்பிடுவான், குழப்பம் இருக்காது." பிறகு வெண்ணெயை இந்தப் பக்கம் தள்ளச் சொன்னாள்.

சரி. அவன் சொல்கிற மாதிரியே செய்கிறேன். ஒரு மயிரிழைகூட மாறாமல்.

செப்டம்பர் 16, திங்கள்

செய்தாயிற்று. எல்லாக் கோடும் ஒரே தடிமன், ஒரே வெள்ளை. கேமரா தட்டை. கை பின்னால் போனாலும் முன்னால் வந்தாலும் ஒரே அளவு.

ஓட்டிப் பார்த்தேன். கை கடல் மேலாகப் போனது. கண்ணை ஒருதரம் மூடித் திறந்தேன். அதே படம், கரை மேலாக என்னை நோக்கி வந்தது. மறுபடி மூடினேன், மறுபடி கடல். தனியாக உட்கார்ந்து சத்தம் போட்டுச் சிரித்தேன்.

ஐந்து பேர் கொண்ட குழு இதைப் பார்க்கப்போகிறது. ஒன்றுமே புரியவில்லை, தலை சுற்றுகிறது என்று திருப்பி அனுப்பப்போகிறது. அந்தக் கடிதத்தை போடில் சத்தமாகப் படிக்க வேண்டும், அப்போது ட்ரோல்ஸ் முகத்தை நான் பார்க்க வேண்டும். முதலில் செய்ததை 'பழசு' என்ற ஃபோல்டரில் வைத்திருக்கிறேன். கேட்பார்கள். கேட்கும்போது எடுத்துத் தருவேன்.

நாலு மணிக்கு என் பின்னால் வந்து நின்றான். இரண்டு தடவை ஓடவிட்டுப் பார்த்தான். தலையைக் கொஞ்சம் சாய்த்தான்.

"உனக்கு எல்லாம் தெளிவாத் தெரியுதா?" என்று கேட்டான். "எனக்கு இந்த மாதிரி அசையற படம் பழக்கமில்ல. உண்மையைச் சொல்லு."

"தெளிவா இருக்கே" என்றேன்.

செப்டம்பர் 17, செவ்வாய்

அனுப்பியாயிற்று.

செப்டம்பர் 24, செவ்வாய்

குழுவிடமிருந்து பதில். போடில் சத்தமாகத்தான் படித்தாள். "மிகத் தெளிவான, நடுநிலையான படம். நன்றி."

நடுநிலை என்ற சொல் வந்ததும் ட்ரோல்ஸ் காதுவரை சிவந்துபோனான், சந்தோஷத்தில். போடில் அவன் முதுகில் தட்டினாள். ஐந்து பேரில் ஒருவர்கூடக் குழம்பவில்லையா? என்ன கண்கள் இவை?

செப்டம்பர் 27, வெள்ளி

பஸ்ஸில் பேப்பர் படித்தேன். ஐந்தாம் பக்கம். கிரேன் கரை மேலாகத் திருப்பப்பட்டது படத்தில் தெளிவாகத் தெரிவதால், ஓட்டுநரை இறுதித் தீர்ப்பு வரும்வரை வேலையிலிருந்து விலக்கி வைத்திருக்கிறார்கள்.

குழம்பவில்லை. அவர்கள் குழம்பவே இல்லை. இது எனக்கு ஏன் தோன்றவில்லை? நான் பதினேழு வருஷம் இதையே பார்த்துப் பழகியவள், எனக்கு இரண்டு பக்கமும் மாறி மாறித் தெரியும். முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு ஒரு பக்கம்தான் தெரியும், அது அப்படியே ஒட்டிக்கொள்ளும். எந்தப் பக்கம்?

ஸ்டுடியோவுக்குப் போனதும், படத்தைப் பார்த்திராத ஒருவரையாவது பிடித்துக் கேட்கலாம் என்று கீழே இறங்கினேன். கீழ்த்தளத்துப் பல் கிளினிக் வரவேற்புப் பெண், தபால்காரர், மாடிப்படி துடைக்கிறவர். மூன்று பேருக்கும் போட்டுக் காட்டினேன்.

"நம்மளைப் பார்த்து வருது" என்றாள் அவள். "முன்னாடிதான் வருது" என்றார் தபால்காரர். மூன்றாமவர் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு நன்றாகப் பார்த்தார். "இடிக்க வர்ற மாதிரி இருக்கு" என்றார்.

மூன்றுக்கு மூன்று.

செப்டம்பர் 28, சனி

எதுவும் எழுதத் தோன்றவில்லை.

அக்டோபர் 1, செவ்வாய்

நிதானமாக யோசிப்போம். ஒரே தடிமன் என்று சொன்னது யார்? அவன். தட்டைக் கேமரா யார்? அவன். எழுத்தில் இருக்கிறது, தேதியோடு. அந்த மெயிலைக் குழுவுக்கு அப்படியே தட்டிவிட்டால் முடிந்தது. நான் சரியாகச் செய்தேன், அவன் கெடுத்தான். 'பழசு' ஃபோல்டர் சாட்சி.

மெயில் எழுதினேன். நல்ல மெயில், ஒவ்வொரு வரியும் குத்துகிறது. கடைசி வரியில் நின்றுவிட்டேன். "இது குறித்து எங்கள் தலைமை வடிவமைப்பாளர் யாரிடமும் கருத்துக் கேட்கவில்லை" என்று எழுத வேண்டியிருந்தது.

கேட்டானே. பாழாய்ப்போனவன், கேட்டுத் தொலைத்தானே.

அனுப்பவில்லை. அழிக்கவும் இல்லை.

அக்டோபர் 3, வியாழன்

இன்று ப்ரேபன் வந்தான்.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். கதவைத் தட்டாமல் உள்ளே வந்தான். அறுபது வயது இருக்கும். மழைக்கோட்டிலிருந்து தரையெல்லாம் தண்ணீர். கையில் போன், போனில் என் படம்.

"இதை வரைஞ்சது யாரு?"

"நான்தான்."

"நீங்க கிரேன் ஓட்டியிருக்கீங்களா?"

"இல்ல."

"நான் முப்பத்தொரு வருஷமா ஓட்டறேன். திருப்பறதுக்கு முன்னாடி ஹாரன் அடிக்கணும், ஒரு தடவை. அது விதி. நான் ரெண்டு தடவை அடிப்பேன். ரெண்டாவது எனக்கு. எந்தப் பக்கம் போறேன்னு எனக்கே சொல்லிக்கறதுக்கு. கடல் பக்கம், ப்ரேபன். அப்படிச் சொல்லிட்டுத்தான் கை வைப்பேன். முப்பத்தொரு வருஷமா."

நான் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"என் பொண்டாட்டிகிட்ட இதைப் போட்டுக் காட்டினேன். பாரு, எவ்வளவு பொய்னு சொல்லத்தான். அவ பாத்துட்டு சொல்றா, ப்ரேபன், நீ விபத்துக்கு முந்தின ராத்திரி சரியாத் தூங்கல இல்லையான்னு." போனை என் மேஜைமேல் வைத்தான். "அன்னிலேருந்து தினம் பாக்கறேன். இருபது தடவை, முப்பது தடவை. இப்ப எனக்கே கரைப்பக்கம் வர்ற மாதிரிதான் தெரியுது. கண்ணை மூடினா நான் கரைப்பக்கம் திருப்பற மாதிரியே ஞாபகம் வருது. விகோ காலை எடுத்தது நானான்னு தெரியல. நீ சொல்லு. வரைஞ்சவ நீதானே? நான் எந்தப் பக்கம் திருப்பினேன்?"

ஒருத்தன் தன் கையால் செய்ததை என்னிடம் வந்து கேட்கிறான்.

"கடல் பக்கம்" என்றேன். "எண்ணெல்லாம் கடல் பக்கம்தான் சொல்லுது. படம்தான் தப்பு."

"தப்புன்னு எப்பத் தெரியும் உனக்கு?"

நான் போனை அவன் பக்கம் நகர்த்தினேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். அதிலேயே அவனுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். போனை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

வெட்கமாக இருக்கிறது. வேறு சொல் தேட வேண்டாம், வெட்கம்தான்.

அக்டோபர் 4, வெள்ளி

போடிலிடமும் ட்ரோல்ஸிடமும் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு, எல்லாவற்றையும்.

ட்ரோல்ஸ் வெளுத்துப்போனான். "நான் உன்னைக் கேட்டேன்."

"கேட்ட."

"தெளிவா இருக்குன்ன."

"ஆமா. உன் மூக்கை உடைக்கணும்னு சொன்னேன்."

"என் மூக்கை உடைக்கவா அந்த ஆளோட வேலைல போய் விளையாடின?"

அவன் கேட்டது நியாயம்தான். ஆனாலும் அவன் அந்தக் குரலில் கேட்டபோது கையில் இருந்ததைத் தூக்கி எறியத் தோன்றியது. என் மனசு இன்னும் அப்படித்தான் இருக்கிறது, பொய் சொல்வானேன்.

போடில் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். "மேம்படுத்தின படம்னு சொல்லி உன் பழைய படத்தை அனுப்பிடலாம். தொழில்நுட்பத் திருத்தம்னு ஒரு வரி. யார் தப்புன்னு யாரும் கேட்க மாட்டாங்க."

"ரெண்டாவது படம் வந்தா எது உண்மைன்னு கேட்பாங்க, போடில். அப்ப யாராவது எழுந்து நின்னு சொல்லணும்."

"நீ நின்னா ஸ்டுடியோ பேரும் சேர்ந்து நிக்கும்."

"நிக்கட்டும்."

அக்டோபர் 9, புதன்

விசாரணை. நகராட்சிக் கட்டடத்தில் ஒரு சின்ன அறை. பிளாஸ்க்கில் ஆறிப்போன காபி. குழுவின் ஐந்து பேர், கம்பெனி வக்கீல், என் பக்கத்தில் ட்ரோல்ஸ், கடைசி வரிசையில் ப்ரேபனும் அவன் மனைவியும்.

முதலில் அவர்கள் பார்த்த படத்தைப் போட்டேன். "கை எந்தப் பக்கம் போகுது?" என்று கேட்டேன். கரைப் பக்கம் என்றார்கள் ஐந்து பேரும், இதென்ன கேள்வி என்கிற முகத்தோடு. பிறகு அதே ஃபைலில், அவர்கள் கண் முன்னாலேயே, பின்பக்கக் கோடுகளை மட்டும் முப்பது சதவீதத்துக்கு இறக்கினேன். வேறு எதையும் தொடவில்லை. மறுபடி ஓடவிட்டேன். கை கடல் மேலாகப் போனது.

குழுத் தலைவி கண்ணாடியைக் கழற்றினாள். "திரும்பப் போடுங்க."

போட்டேன். நான்கு தடவை. வக்கீல் எழுந்து, இதுவும் ஒரு பக்கம் சாய்கிறதே, மங்கலாக்குவது உங்கள் முடிவுதானே என்றான். அப்படியே ட்ரோல்ஸ் பேச்சு. நான் தொண்ணூறு பக்கத்தையும் எடுத்து அந்த அடிக்குறிப்பைப் படித்துக் காட்டினேன். தலைவி தன் பிரதியில் விரலை வைத்துக்கொண்டே கூடப் படித்தாள். கடல் பக்கம் என்ற இடத்தில் விரல் நின்றது.

"முதல் படத்தை ரெண்டு விதமாவும் பார்க்க முடியும்னு உங்க ஸ்டுடியோவுல யாருக்காவது முன்னாடியே தெரியுமா?"

ட்ரோல்ஸ் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மெயில் என் பையில்தான் இருந்தது, அச்சடித்து வைத்திருந்தேன். எடுக்கவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றேன்.

"தெரிஞ்சே அனுப்பினீங்களா?"

"தெரிஞ்சே அனுப்பினேன்."

தலைவி அதை எழுதிக்கொண்டாள்.

வெளியே நடையில் ப்ரேபன் நின்றிருந்தான். கையை நீட்டினேன். அவன் அதைப் பார்த்தான், எடுக்கவில்லை.

"எதுக்கு வர்ற? மன்னிச்சேன்னு சொல்லணுமா?"

"இல்ல."

"படத்தைத் திருத்திட்ட. என் தலைக்குள்ள ஓடறதை யார் திருத்துவா?" என்றான். அவன் மனைவி அவனுக்குக் கோட்டை மாட்டிவிட்டுக் கூட்டிப்போனாள்.

அக்டோபர் 11, வெள்ளி

ரொட்டி முறை என்னுடையது. பேக்கரியில் நின்று, கசகசா தூவியதும் சாதாரணமும் சேர்த்து வாங்கிப் போனேன். யாரும் தொடவில்லை. ட்ரோல்ஸ் மட்டும் ஒரு துண்டு எடுத்தான், என்னைப் பார்க்காமல். அதற்காக அவனைப் பிடித்துவிட்டதா என்றால் இல்லை.

பத்து மணிக்கு போடில் கூப்பிட்டாள். இன்றோடு சரி என்றாள். மத்தியானத்துக்குள் மேஜையைக் காலி செய்துவிட்டேன். சிங்க்கில் அவன் கோப்பை கிடந்தது. அப்படியே விட்டுவிட்டு வந்தேன்.

நவம்பர் 5, செவ்வாய்

தீர்ப்பு பேப்பரில். கடல் மேலாகத்தான் திருப்பியிருக்கிறான், சங்கிலி பழையது, சோதிக்கவில்லை, கம்பெனி பதில் சொல்ல வேண்டும். ஓட்டுநர் வேலைக்குத் திரும்பலாம். விகோவின் படமும் போட்டிருந்தார்கள், சக்கர நாற்காலியில். "ப்ரேபன் மேல எனக்கு எப்பவும் சந்தேகம் இல்ல" என்றிருக்கிறான்.

மீன் கடையில் வரிசையில் நின்றபோது துறைமுகத்து ஆள் ஒருவர் பேசியது காதில் விழுந்தது. காலையில் ப்ரேபன் வேலைக்கு வந்தானாம். கிரேன் ஏணியில் பாதி ஏறி நின்றுவிட்டு இறங்கிப் போய்விட்டானாம். நான் மீன் வாங்காமல் வெளியே வந்துவிட்டேன்.

நவம்பர் 14, வியாழன்

துறைமுகம் வரை நடந்துபோனேன். கிரேனில் வேறு யாரோ ஒரு பையன். ஒரே ஒரு ஹாரன்.

நவம்பர் 29, வெள்ளி

வேலை தேடி ஒரு அச்சகத்துக்குப் போய்விட்டு வந்தேன். ஏன் ஸ்டுடியோவை விட்டீர்கள் என்று நேற்று கேட்ட இடத்தில் பொய் சொன்னேன். இன்று உண்மையைச் சொன்னேன். இரண்டுக்கும் முகம் ஒரே மாதிரிதான் ஆகிறது.

திரும்பும்போது துறைமுக நிறுத்தத்தில் பஸ்ஸுக்கு நின்றேன். சாம்பல் நிற வானம், தூறல். தூரத்தில் கிரேன் வெறும் கோடுகளாகத் தெரிந்தது. கொக்கியில் ஒரு பெட்டி தொங்கிக்கொண்டிருந்தது. இங்கிருந்து பார்த்தால் முன்னே எது, பின்னே எது என்று ஒன்றும் சொல்ல முடியாது.

கிரேன் ஹாரன் அடித்தது. பஸ் வந்து கதவைத் திறந்தது.

இரண்டாவது ஹாரன்.

ஒரு காலைப் படியில் வைத்தவள் இறங்கிவிட்டேன். "ஏறறீங்களா இல்லையா?" என்று டிரைவர் கத்தினார். நீங்க போங்க என்று கையைக் காட்டினேன். கிரேனின் கை மெதுவாக நகர்ந்தது. பெட்டி கரையில் கட்டியிருந்த கப்பலுக்குப் பின்னால் போய் முழுசாக மறைந்தது. அந்தப் பக்கம் வெளியே வந்து கீழே இறங்கும்வரை நின்று பார்த்தேன். அடுத்த பஸ் நாற்பது நிமிஷம் கழித்துத்தான் வந்தது.